யூதாசின் மகளுக்கு மூன்றாம் ஓலை

முன்னொரு காலத்திலே, கேளுங்கள் நல்லவர்களே, ராஜாக்கள் ஆண்ட காலத்திலே, எந்த ராஜாவும் எட்டிப் பார்க்காத ஒரு கடற்கரையிலே, சங்குமுனை என்று ஓர் ஊர் இருந்தது. கடலில் மீன் உண்டு, சங்கு உண்டு. கரையில் ஒரு கோயில் உண்டு, கோயிலில் சிலுவை உண்டு. ஊராருக்கு முகத்தில் இரண்டு கண்ணும் உண்டு. அந்தக் கண்ணால் வந்த வினைதான் இந்தக் கதை.

இதைக் கோபப்படாமல் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். முடிவதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் வருஷந்தோறும் பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கு நடக்கும். ஆண்டவர் பாடுபட்டுச் சிலுவையில் மரித்த கதையை ஊர் மனிதர்களே வேஷம் கட்டி நடிப்பதுதான் பாஸ்கு. கடற்கரையில் தென்னங்கீற்றால் பந்தல் போடுவார்கள். நடுவில் ஆளுயரத்துக்கு மேலே பெரிய சிலுவை நிற்கும்.

ஆண்டவர் வேஷத்துக்கு ஆள் எடுப்பது எப்படி தெரியுமா? ஜெபம் பண்ணுகிறவனா என்று கேட்டார்களா? இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடுகிறவனா என்று கேட்டார்களா? அதுவும் இல்லை. மூக்கு நேராக இருக்கிறதா, முடி தோளில் புரளுகிறதா, நிறம் சிவப்பா. இந்த மூன்றுதான் கேள்வி. மூன்றுக்கும் பொருந்தி வந்தவன் கஸ்பார்.

யூதாசு வேஷத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த பாவியாக நிற்க யாருக்கு மனம் வரும்? கடைசியில் சங்கு குளிக்கிற எஸ்தாக்கியைக் கூப்பிட்டார்கள். அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒன்றரைக் கண், கரகரத்த தொண்டை. "யூதாசு இல்லாம பாஸ்கு இல்லையே, என்ன செய்ய?" என்று குருவானவர் கையைப் பிசைந்தார். "யாராச்சும் செய்யணும்னா நான் செய்யுதேன் சாமி" என்றான் எஸ்தாக்கி. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் வாழ்நாளெல்லாம் விலை கொடுத்தான்.

ஏனென்றால் அவன் நன்றாக நடித்துவிட்டான். முப்பது வெள்ளிக்காசை வீசியெறிந்து அவன் அழுத அழுகையைப் பார்த்து ஊர்ப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். முதல் வருஷம் மண் மேடையில் விழுந்தது. அடுத்த வருஷம் தெருவில் போகும்போது அவன் முதுகில் விழுந்தது. அதற்கடுத்த வருஷம் அவன் வீட்டுச் சோற்றுப் பானையிலேயே விழுந்தது.

எஸ்தாக்கி என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. யூதாசு என்றார்கள். வள்ளம் கடலில் இறங்கும் நாளில் யூதாசு எதிரே வரக்கூடாது என்றார்கள். அவன் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, "யூதாசு பெண்டாட்டி போய்ட்டாளாம்" என்று சொல்லிவிட்டு வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். செத்தவள் நடிக்கக்கூட இல்லையே ஐயா!

கஸ்பாருக்கோ வாழ்வு வந்தது. பாஸ்கு முடிந்து முகச்சாயத்தைக் கழுவினாலும் அவன் ஆண்டவர்தான். கரைக்கு வரும் மீனில் முதல் பங்கு அவனுக்கு. பிள்ளைக்குச் சீக்கென்றால் அவனிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வீட்டுக்குச் சண்டையென்றால் தீர்ப்பு அவன் வாயில். அவன் வேண்டாம் என்றானா? வெள்ளைக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் அல்லவா கொடுத்தான்!

அவனைப் பெற்ற தாய் அடுத்த குடிசையில் கஞ்சிக்கு வழியில்லாமல் கிடந்தாள். அவளுக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோய் ஊற்றியது எஸ்தாக்கியின் ஒரே மகள் பிரகாசி. ஊர் அதைப் பார்க்காமலில்லை. பார்த்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? "ஆண்டவரோட தாய்க்கு ஊழியம் செய்ய யூதாசு மவளுக்குக் கொடுத்து வச்சிருக்கு" என்றது. பெற்றவளைப் பட்டினி போட்டவன் ஆண்டவர், அவளுக்குச் சோறு போட்டவள் யூதாசு மகள். இந்தக் கணக்கைப் போட்ட தலைகளை என்ன செய்வது?

இனிக் கதைக்கு வருகிறேன். பிரகாசிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மதலேனம்மாள் என்பவளின் மகன் லாசர் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். மதலேனம்மாள் முதலில் முகம் சுளித்தாள். பிறகு மகன் பிடிவாதத்துக்கு இறங்கி வந்தாள். பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்பு நாட்களான தவசு காலத்தில் தாலி கட்டக்கூடாது. ஆனாலும் ஓலை வாசிக்கலாம். மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைக் குருவானவர் வாசித்து, "இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால் கல்யாணம். ஒரு தடை எழுந்தாலும் அந்தப் பெண்ணை வேறு எவனும் கேட்டு வரமாட்டான்.

முதல் ஓலை வாசித்தார்கள். கோயிலில் முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்ததும் பெண்கள் மதலேனம்மாளைச் சூழ்ந்துகொண்டு, "யூதாசு ரத்தமா ஒன் பேரப்பிள்ளைக்கு?" என்று காதைக் கடித்தார்கள். அவள் முகம் கறுத்தது.

மூன்றாம் ஓலை உயிர்த்த ஞாயிறு அன்று. அதற்கு முன்னால் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் பந்தலில் கூட்டம் நெரிந்தது. சிலுவைக் காட்சி வரவேண்டிய நேரம். திரைக்குப் பின்னால் கஸ்பாரைச் சிலுவையில் ஏற்றிக் கட்டவேண்டும். தோல் கன்றிவிடும் என்று அவன் மணிக்கட்டுக்குப் பட்டுத்துணி சுற்றி, அதன் மேல்தான் கயிறு கட்டச் சொல்லுவான். ஆண்டவருக்கு ஆணி, நம் ஆளுக்குப் பட்டு! ஏறுவதற்கு முன்னால் அவனே இரண்டு தீப்பந்தங்களைப் பிடுங்கிச் சிலுவைக்குப் பக்கத்தில் நட்டான். வேஷம் முடிந்து அங்கே உட்கார்ந்திருந்த எஸ்தாக்கி மட்டும் அதைப் பார்த்தான்.

"கஸ்பாரு, கீத்துக்குக் கிட்ட வைக்காத. காத்து மாறுது, பத்திக்கிடும்."

"என் முகம் தெரியாட்டா பாஸ்கு எதுக்கு? ஒன் வேல முடிஞ்சுதுல்லா, அந்தால போ."

திரை விலகியது. கஸ்பார் தகதகவென்று தெரிந்தான். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று ஒரு சுழல் சுழன்றது. பந்தத்தின் நாக்கு கீற்றை நக்கியது. பந்தல் குப்பென்று பற்றியது.

ஆண்டவரின் சீடர்களில் இராயப்பர் வேஷக்காரன் ஓடினான். அருளப்பர் வேஷக்காரன் ஓடினான். தகர ஈட்டியைப் போட்டுவிட்டுச் சேவகர்கள் ஓடினார்கள். ஊரே தெருப்பக்கம் ஓடியது. புகைக்குள்ளே, உயரத்தில், கட்டுண்டவன் மட்டும் அலறிக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஏறிப் போனவன் எஸ்தாக்கி. கையில் கத்தி இல்லை. எரிகிற கயிற்றை வெறுங்கையால் பிய்த்தான். பட்டுத்துணி சுற்றிய கஸ்பாரின் கையில் ஒரு கொப்புளம் இல்லை. எஸ்தாக்கியின் இரண்டு கையும் வெந்து தோல் உரிந்துபோயின. கஸ்பாரைத் தோளில் போட்டுக்கொண்டு கடல் பக்கமாக இறங்கினான். அந்தப் பக்கம் புகைதான் இருந்தது, ஆள் இல்லை.

கஸ்பாரை இறக்கிவிட்டு எஸ்தாக்கி ஈரமணலில் குப்புற விழுந்தான். எரிச்சல் தாங்காமல் கைகளை மணலுக்குள் புதைத்தான். அதற்குள் ஊர் சுற்றிக்கொண்டு ஓடி வந்தது. முன்னால் வந்தவர் ஊர்த் தலைவர். அந்தக் கரையில் தலைவரைப் பட்டங்கட்டி என்பார்கள்.

"யாருல தீய வச்சது?" என்று பட்டங்கட்டி கத்தினார்.

கஸ்பார் என்ன சொல்லியிருக்கலாம்? பந்தத்தை நகர்த்தியது நான் என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தூக்கி வந்தவன் இவன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நெஞ்சு இல்லையென்றால் மயங்கியவன்போல் சும்மாவாவது கிடந்திருக்கலாம். மூன்றையும் விட்டான். புகை மூடிய அரையிருட்டில் அந்த வெள்ளைக்கையை நீட்டினான்.

"அவன்தான்."

"கட்டு எப்படி அவுந்துச்சு?"

கஸ்பார் வானத்தைப் பார்த்தான். "பிதா அவுத்துவிட்டார்."

ஊர் முழங்காலில் விழுந்தது. ஆண்டவர் செய்த அற்புதம், புதுமை, புதுமை என்று அழுதது. எஸ்தாக்கி ஏதோ சொல்ல வாய் திறந்தான். திறந்த வாய்க்குள் மண் வந்து விழுந்தது. ஆளாளுக்கு வாரி எறிந்தார்கள். அவன் வெந்த கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவன் கையை ஒருவரும் பார்க்கவில்லை. யூதாசின் கையை எவன் பார்ப்பான்?

ஆண்டவர் வேஷம் கட்டியவன் வெள்ளி தொடங்கி ஞாயிறு காலைவரை கல்லறைக் குடிலில் யார் கண்ணிலும் படாமல் இருப்பது அந்த ஊர் வழக்கம். கஸ்பாரும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் சாம்பலைக் கிளறிக் கருகிய கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிப் பிள்ளைகள் கழுத்தில் கட்டினார்கள். அந்தக் கயிற்றில் எஸ்தாக்கியின் தோல் ஒட்டியிருந்தது என்பது கட்டியவர்களுக்குத் தெரியாது.

வீட்டில் பிரகாசி தகப்பன் கையைக் கழுவிக் கற்றாழைச் சோற்றை வழித்துப் பூசினாள். நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"ஏம்ப்பா, பட்டங்கட்டிட்டப் போயிச் சொல்லக்கூடாதா?"

"யூதாசு சொல்லுத சாட்சிய எவன் மக்கா கேப்பான்? நீ சாமிட்டப் போயி ஓலைய நிறுத்தச் சொல்லிரு. ஊர் முன்னால நீ அவமானப்படாத."

"ஓலைய வாசிக்கட்டும். நீங்களும் வரணும்" என்றாள் பிரகாசி. அவள் குரலைக் கேட்டு அவன் தலையை ஆட்டினான்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. கஸ்பார் வெள்ளை அங்கியின் நீளக்கை விரல்வரை தொங்க, முன்வரிசையில் வந்து நின்றான். எஸ்தாக்கி துண்டுக்குள் கையை மறைத்துக் கடைசித் தூணருகில் நின்றான். குருவானவர் மூன்றாம் ஓலையை வாசித்தார். "தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

மதலேனம்மாள் எழுந்தாள். "தடை இருக்கு சாமி. ஆண்டவரக் கொளுத்தப் பாத்தவன் மவள நான் எடுக்கமாட்டேன்."

லாசர் எழுந்து, "யம்மா..." என்றான். "உக்காருல" என்றாள். உட்கார்ந்துவிட்டான். கடலில் சுறாவைக் கண்டு பயப்படாத பயல், கோயிலில் நாலு பேரைக் கண்டு உட்கார்ந்துவிட்டான்.

பிரகாசி முன்னால் வந்தாள். அழவில்லை.

"சரி சாமி, கல்யாணம் நிக்கட்டும். இந்த ஊரையே விட்டுப் போறோம். போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். ஆண்டவர் வேஷம் போட்டவரும் எங்க அப்பாவும் திரைக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும். ரெண்டு பேரும் கைய மட்டும் வெளிய நீட்டட்டும். ஊர்க்காரங்க வந்து, ஆண்டவர் கை எதுவோ அதுல உதட்ட வச்சு முத்தி செய்யட்டும். இத்தன வருசமா கும்பிட்ட கை, தெரியாமலா போவும்? எங்க அப்பா கைய ஊர் ஒதுக்கிட்டா, நாங்க பேசாம நடந்துருவோம்."

குருவானவர் நல்லவர். ஆனால் ஊருக்குப் பயந்தவர். தயங்கினார். ஒத்துக்கொண்டவன் கஸ்பார்தான். தன் கையழகில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. "பாக்கட்டும் சாமி, பாக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

தவசு காலத்தில் பீடத்தை மறைத்த ஊதாத் திரையை, குருவானவர் உடை மாற்றும் அறை வாசலில் தொங்கவிட்டார்கள். இருவரையும் உள்ளே நிறுத்தினார் குருவானவர். இடப்பக்கம் ஒரு சோடிக் கை வெளியே வந்தது. வலப்பக்கம் ஒரு சோடிக் கை வெளியே வந்தது. ஒன்று மெழுகுபோல வழவழப்பானது. மற்றது கருகி, கொப்புளித்து, தோல் உரிந்து, நிறமே தெரியாமல் கிடந்தது.

ஊர் அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதது. தீக்குள் தொங்கியவன் கை வெந்துதானே இருக்கும்? முதலில் பட்டங்கட்டி போனார். வெந்த கைகளின் முன்னால் மண்டியிட்டு, "ஆண்டவரே, எங்களுக்காகவா இந்தப் பாடு?" என்று முத்தி செய்தார். பின்னால் ஊர்ப் பெரியவர்கள் போனார்கள். முத்தி செய்தார்கள். அதற்குப் பின்னால் மதலேனம்மாள் போனாள். அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் புண்ணில் பட்டபோது கை துடித்தது, ஆனால் பின்வாங்கவில்லை.

மற்றச் சோடிக் கையிடம் ஒருவரும் போகவில்லை. முதலில் அது விரல்களை அழகாக விரித்துக் காத்திருந்தது. பிறகு மெல்ல அசைந்தது. பிறகு, இங்கே வா, இங்கே வா என்று ஆட ஆரம்பித்தது. "பாத்தியளா, யூதாசு கை எப்படி ஆடுது! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்லா!" என்றாள் ஒருத்தி. நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள். இந்தக் கண்ணைக் கொண்டுதான் அவர்கள் அத்தனை வருஷமும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் லாசரின் முறை வந்தது. அவன் எந்தக் கையிடமும் போகவில்லை.

"எனக்குக் கையப் பாக்க வேண்டாம். பிரகாசி அப்பா தீ வைக்கமாட்டார்னு எனக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சும் வாயப் பொத்திட்டு உக்காந்தேன் பாருங்க, அதுக்கு நான்தான் மண்டி போடணும்" என்று சொல்லி அங்கேயே தரையில் மண்டியிட்டான்.

பிரகாசி திரையை இழுத்தாள்.

வெந்த கைகளுக்கு மேலே அம்மைத் தழும்பு விழுந்த முகம் இருந்தது. வழவழத்த கைகளுக்கு மேலே கஸ்பாரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பட்டங்கட்டி தன் உதட்டைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"பந்தத்த யாரு நகத்துனது கஸ்பாரு?" என்று குருவானவர் கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் கணீரென்று இருந்தது.

"நான்தான் சாமி. என்னத் தூக்கிட்டு வந்தது அவன்தான்" என்றான் கஸ்பார். நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தான்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் எனக்குக் கோபமே. பாதி ஊர் எஸ்தாக்கியின் காலில் விழுந்தது. "நீரே ஆண்டவர், அடுத்த வருசம் ஆண்டவர் வேஷம் ஒமக்குத்தான்" என்று கதறியது. மீதி ஊர் முற்றத்துக்கு ஓடி, கை நிறைய மண்ணை வாரிக்கொண்டு திரும்பி வந்தது. "யூதாசு! யூதாசு!" என்று கஸ்பாரைப் பார்த்துக் கத்தியது. அதே வாய். அதே மண். ஆள்தான் வேறு.

எஸ்தாக்கி காலைப் பிடித்தவர்களை உதறினான். கஸ்பாருக்கு முன்னால் போய் நின்று வெந்த கைகளை விரித்தான். கரகரத்த தொண்டை கோயில் அதிரக் கத்தியது.

"நிறுத்துங்க! யூதாசுன்னு வேஷம் கட்டுனேன், அத என் தோலுன்னு நெனச்சிய. ஆண்டவர்னு அவன் வேஷம் கட்டுனான், அத அவன் நெஞ்சுன்னு நெனச்சிய. இப்ப சட்டைய மாத்திப் போட்டுட்டா சரியாப் போச்சா? என் வீட்டுச் சோத்துல மண்ணு விழுந்துச்சு. அது இன்னொருத்தன் சோத்துல விழக்கூடாது. இவன் பேரு கஸ்பாரு. பொய் சொன்னவன், பெத்த அம்மைக்குக் கஞ்சி ஊத்தாதவன். அதுக்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனா இவன் யூதாசு இல்ல. நான் ஆண்டவரும் இல்ல. என் கால விடுங்க. என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, அது போதும்."

அத்தனை வருஷம் சொல்லாத பெயர் அல்லவா, நாக்கு அதற்குத் திரும்பவில்லை.

மதலேனம்மாள்தான் எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கைகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"எஸ்தாக்கியண்ணே, ஒங்க மவள எம் மவனுக்குத் தருவியளா?"

எஸ்தாக்கி மகளைத் திரும்பிப் பார்த்தான். பிரகாசி மண்டியிட்டுக்கிடந்த லாசரைப் பார்த்துவிட்டு, "எந்திரிக்கச் சொல்லுங்கப்பா" என்றாள்.

குருவானவர் மூன்றாம் ஓலையை மறுபடியும் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். ஊராரின் கைகளிலிருந்து மண் ஒழுகிக் கோயில் தரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கேட்டீர்களா நல்லவர்களே? கட்டின வேஷத்தைப் பார்த்து ஒருவனின் நெஞ்சை நிச்சயம் பண்ணுகிறவன், ஆண்டவரே எதிரில் வந்து நின்றாலும் ஆள் தெரியாமல் மண்ணைத்தான் வாரித் தூற்றுவான்.